போனில் சார்ஜ் ஏறவில்லையா? டவுனுக்குப் போகுமுன் இதைப் பாருங்கள்



ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனில் போன் திருத்தும் கடையொன்றில் நாங்கள் காத்திருந்தோம். மேற்பிரிவிலிருந்து வந்த ஒரு அக்கா போனை நீட்டி, "தம்பி, ரெண்டு நாளா சார்ஜே ஏறல. பெட்டரி போச்சுன்னு மகன் சொல்றான். புதுசு போட எவ்வளவு வரும்?" என்று கேட்டார். கடைக்காரத் தம்பி, வயர் செருகும் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாகக் கிளறினார். கறுத்த பஞ்சு ஒன்று சுருண்டு வெளியே வந்தது. "பெட்டரிக்கு ஒண்ணுமில்லக்கா. தூசுதான் அடைச்சிருக்கு" என்றார். காசு வாங்கவில்லை. ஆனாலும் அக்காவுக்கு பஸ் காசும் லீவு நாளும் போனது போனதுதான்.

சார்ஜ் ஏறாத எல்லாப் போனும் பழுதான போன் அல்ல. சுவரிலிருந்து தொடங்கி போன் வரைக்கும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு வந்தால், பல நேரம் குற்றம் வழியிலேயே அகப்பட்டுவிடும்.

போன் இன்று விளையாட்டுச் சாமான் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' புயல் வந்தபோது நம் மலைகளில் மண் சரிந்தது, பாதைகள் அடைபட்டன, பல இடங்களில் கரண்டும் சிக்னலும் இல்லாமல் போயின. அம்புலன்ஸைக் கூப்பிட 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இரண்டுக்கும் போனில் உயிர் இருக்கவேண்டும். கடும் மழை, மண்சரிவு என்று எச்சரிக்கை வந்த உடனேயே போனை நிறையச் சார்ஜ் போட்டுவிடுங்கள். கரண்ட் போன பிறகு யோசித்துப் பலனில்லை.

முதலில் பிளக் பொயின்ட். அதே பொயின்ட்டில் ரேடியோவைப் போட்டுப் பாருங்கள். அதுவும் பாடாவிட்டால் போனைக் குறை சொல்லாதீர்கள். லயத்தில் ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு வயர் இழுத்து, அதில் மல்டி பிளக், அதற்குள் இன்னொரு மல்டி பிளக் என்று போட்டிருப்பதை நாங்கள் பல இடத்தில் பார்க்கிறோம். சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் ஆட்டம் கண்ட பொயின்ட்டில் சார்ஜ் விட்டுவிட்டுத்தான் ஏறும். அந்த இடம் சூடாகிக் கருகவும் செய்யும். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது, பிளாஸ்டிக் வாடை வருகிறது என்றால் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது சார்ஜர். அதன் முதுகில் பொடி எழுத்து இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். உள்ளே எடுப்பது 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருந்தால், மாலையில் லயத்து பல்ப் மங்கும்போதும் நல்ல சார்ஜர் வேலை செய்யும். வெளியே கொடுப்பது 5 வோல்ட் 1 அம்பியர் என்றிருந்தால் அது பழைய சின்ன போனுக்கானது. இப்போது வரும் 5000 மில்லி அம்பியர் பெட்டரி அதில் நிறைய ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஏறிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை வீடியோ பார்த்தால் விடிந்தாலும் நிறையாது. அது பழுதில்லை.

வயர் பெரும்பாலும் கழுத்தில்தான் அறும். வெளியில் தோல் நன்றாக இருக்கும், உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கும். கழுத்தை வளைத்துப் பிடித்தால் ஏறுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் வயரை மாற்றவேண்டியதுதான். அடுத்த வீட்டு வயரை வாங்கிப் போட்டுப் பாருங்கள். வயரையும் சார்ஜரையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெட்டதென்று தெரியாமல் போய்விடும், ஒவ்வொன்றாக மாற்றவேண்டும்.

இனி போனின் வாய். கொழுந்துத் தூசு, படங்கு நூல், அடுப்புக் கரி எல்லாம் அதில் சேரும். ஒவ்வொரு முறை வயரைச் செருகும்போதும் தூசு உள்ளே அமுங்கிக் கட்டியாகிறது. வயர் முழுசாக உள்ளே போகாமல் லேசாக ஆடினால் அதுதான் அடையாளம். போனை அணைத்துவிட்டு, காய்ந்த மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, சட்டைப் பின் எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் தகடு வளைந்தால் பிறகு உண்மையிலேயே செலவுதான்.

மழையில் நனைந்து வந்த போனில் தண்ணீர்த்துளிப் படம் காட்டி சார்ஜ் ஏற மறுத்தால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். வயரைக் கழற்றி, வாய் கீழே இருக்கும்படி பிடித்து லேசாகத் தட்டி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். அரை மணித்தியாலத்திலும் காயலாம், ஒரு நாளும் ஆகலாம். அரிசிப் பானைக்குள் புதைப்பது நம்மிடம் மட்டுமல்ல, உலகம் முழுவதும் உள்ள பழக்கம். அது வேண்டாம், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் கம்பனியே 2024இல் அறிவித்தது. அடுப்பு மேட்டில் வைப்பது அதைவிட மோசம்.

அடியோடு செத்த போனை வயரில் போட்டதும் படம் வராது. அரை மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கள். 80க்கு மேல் ஏறாவிட்டாலும் பயப்படாதீர்கள். பெட்டரி நீடிக்கவென்று புதிய போன்களில் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. நுவரெலியாப் பக்கம் தை, மாசிப் பனியில் பெட்டரி சீக்கிரம் இறங்குவதும் இயல்புதான்.

ஆனால் ஒன்றில் விளையாடக் கூடாது. போனின் முதுகு புடைத்திருக்கிறதா? கண்ணாடி ஒரு ஓரமாகத் தூக்குகிறதா? மேசையில் வைத்தால் ஆடுகிறதா? பெட்டரி வீங்கிவிட்டது. உடனே வயரைக் கழற்றுங்கள். அமுக்கவோ, குத்தவோ, அடுப்பில் போடவோ கூடாது. சீமெந்துத் தரையில் துணி, விறகு இல்லாத இடத்தில் வைத்து, பிறகு கடையில் கொடுங்கள். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. இதனால்தான் தலையணைக்கடியில், கம்பளிக்குள் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். எரியும் சார்ஜரில் தண்ணீர் ஊற்றுமுன் மெயின் சுவிட்சை நிறுத்தவேண்டும். எட்ட முடியாவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே ஓடுங்கள், போன் போகட்டும்.

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்குக் கொண்டுவரும் ஸ்மார்ட் வாட்ச் பற்றியும் கேட்கிறார்கள். அதன் அடியில் இருக்கும் சின்னப் புள்ளிகளில் வியர்வையும் சவர்க்காரமும் காய்ந்து படிந்தால் கரண்ட் ஏறாது. காய்ந்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வாட்சையும் வயர்ப் பக்கத்தையும் தேய்த்துவிட்டு, புள்ளிக்குப் புள்ளி சரியாகப் பொருந்தும்படி வையுங்கள். வேகமாக ஏற்றும் பெரிய சார்ஜரில் சில வாட்ச் ஏறாது. 5 வோல்ட் 1 அம்பியர் பழைய சார்ஜர் வீட்டில் கிடந்தால் அதற்கு அதுவே போதும். இன்னொரு வாட்ச்சின் வயர் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறதென்று நம்பிப் போடாதீர்கள், உள்ளே இணைப்பு மாறியிருந்தால் சூடேறும். வீட்டில் இரண்டு வாட்ச் இருந்தால் வயரில் காகிதம் சுற்றி யாருடையதென்று பெயர் எழுதிவையுங்கள்.