நம் வீட்டு ஈரக் குப்பை யாருடைய பொறுப்பு?

 

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று மக்தபிலேயே படித்தவர்கள் நாம். கல்லையும் முள்ளையும் ஓரம் தள்ளுகிறோம். ஆனால் மிஞ்சிய குழம்பு, வெங்காயத் தோல், உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு தெருமுனையில் வைக்கிறோமே, அந்த இடையூறை வைத்தது யார்? நாய் கிழிக்கிறது. மாடு பையோடு விழுங்குகிறது. காலையில் தூய்மைப் பணியாளர் அதைக் கையால் பிரிக்கிறார். அவர் கை கிழிந்தால் அந்த ஹக்கு யார் மீது?

அங்கிருந்து லாரியில் போகும் குப்பை சென்னையில் பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோ, கோவையில் வெள்ளலூரிலோ மலையாகக் குவிகிறது. காற்றுப் புகாமல் அடியில் அழுகும் உணவு மீத்தேன் வாயுவை உண்டாக்கும். அது எளிதில் தீப்பற்றும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள் கணக்கில் எரிந்தது. புகையைச் சுவாசித்தவர்களும் நமக்கு அண்டை வீட்டார்தான். மட்கும் குப்பையைத் தனியே பிரிக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளும் சொல்கின்றன.

உரமாக்கலாம் என்பதற்காகச் சோற்றைக் கொட்டலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கீழே விழுந்த கவளத்தையும் சுத்தம் செய்து உண்ணச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். உண்ணத் தகுந்தது முதலில் மனிதருக்கு, பிறகு ஆடு, கோழிக்கு. தோல், காம்பு, தேயிலைச் சக்கை, முட்டை ஓடு போன்றவைதான் தொட்டிக்கு.

முறை எளிது. பக்கவாட்டிலும் அடியிலும் துளையிட்ட மண்தொட்டியோ பழைய பிளாஸ்டிக் வாளியோ இரண்டு போதும். அடியில் தேங்காய் நார் பரப்புங்கள். அன்றன்றைய கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதைவிட இரு மடங்கு காய்ந்த சருகால் மூடுங்கள். முற்றத்தில் கூட்டும் வேப்பஞ்சருகைக் கொளுத்துகிறோமே, அதுவே இதற்குப் போதும். சில நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். உள்ளே சூடு தெரிந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம். சருகைச் சேர்த்துக் கிளறுங்கள். புழுக்கள் வந்தால் பதற வேண்டாம், அவையும் கழிவைத் தின்று மட்கச் செய்பவைதான். முதல் தொட்டி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மழை நனைத்த மண் வாசம் வரும். இறைச்சி, எலும்பு, எண்ணெய் ஊறிய பிரியாணி வேண்டாம், எலி வரும். குர்பானிக் கழிவைத் தொட்டியில் போடவே கூடாது, அதை ஆழமாகப் புதைக்க வேண்டும்.

விரைவாக மட்க மாட்டுச் சாணம் கரைத்து ஊற்றலாமா என்று கேட்பார்கள். ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபிலும் சாணம் நஜீஸ். ஆனாலும் நிலத்துக்கு எருவாக இடுவதைத் தடுக்கவில்லை. விளைந்த காய்கனியும் ஹலால். கையிலோ உடையிலோ பட்டால் கழுவிவிட்டுத் தொழ வேண்டும், அவ்வளவுதான். தயக்கமிருந்தால் புளித்த மோர் தெளியுங்கள், அதுவும் அதே வேலையைச் செய்யும்.

இன்னொன்று. இதைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கக் கூடாது. வீட்டு வேலைகளில் நபி (ஸல்) அவர்கள் பங்கெடுத்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். நறுக்குவது அவர்கள் என்றால், கிளறுவதும் சுமப்பதும் நாம்.

உரம் ஒரு பங்குக்கு மண் இரண்டு பங்கு கலந்து மொட்டை மாடியில் கறிவேப்பிலை, புதினா, தக்காளி வையுங்கள். நட்ட செடியிலிருந்து பறவை கொத்தித் தின்றாலும் நட்டவருக்கு அது தர்மம் என்பது நாமறிந்த ஹதீஸ்.

ரமளானில் நோன்பு திறக்கும் இடத்தில் தர்பூசணித் தோலும் பேப்பர் கப்பும் ஒரே கூடையில் விழுகின்றன. ஜமாஅத் நிர்வாகிகள் இரண்டு கூடைகள் வைத்து, முதல் வாரம் மட்டும் ஓர் இளைஞரை அருகில் நிற்க வையுங்கள். எதில் எதைப் போடுவது என்று அவர் காட்டட்டும். பேரீச்சங்கொட்டை எளிதில் மட்காது, அதைத் தனியே எடுத்துவிடுங்கள்.