பக்கத்து வீட்டில் அம்மை

கேள்வி: சாமளாபுரத்தில் விசைத்தறி லைன் வீடு. பக்கத்துக் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது. 5 மாதக் கர்ப்பிணிக்கு ஆபத்தா?

பதில்: சின்னம்மை காற்றில் பரவும், கொப்புளம் தெரிவதற்கு 2 நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். வாசலில் வேப்பிலை செருகும்போது பரவ வேண்டியது பரவியிருக்கும். சிறுவயதில் அம்மை போட்டவருக்குப் பெரும்பாலும் பயமில்லை. நினைவில்லாதவர் எதிர்ப்புச் சக்தி உள்ளதா என அறிய ரத்தத்தில் ஐஜிஜி பரிசோதனை செய்துகொள்ளலாம். வெப்ப நாடுகளில் அம்மை காணாமலே பெரியவர்களானோர் குளிர்நாடுகளைவிட அதிகம் என்பதால் அலட்சியம் கூடாது. எதிர்ப்புச் சக்தி இல்லையெனில் இம்யூனோகுளோபுலின் ஊசியை, நோயாளியோடு தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள் போட வேண்டும். ஊசிக்குப் பதில் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை போதுமா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார். தொற்று வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும்.

28 வாரத்துக்குள் தாய்க்கு அம்மை கண்டாலும் சிசுவுக்குப் பாதிப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. பலரும் குழந்தையை எண்ணியே கலங்குகிறார்கள். அதிக ஆபத்து தாய்க்கு வரும் நிமோனியாதான். ‘அம்மைக்கு மருந்து கூடாது’ என்ற வழக்கம் கர்ப்பிணிக்குப் பொருந்தாது. கொப்புளம் கண்ட அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இருமல், மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனை. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போனால் மற்ற கர்ப்பிணிகளோடு உட்கார நேராது. பிரசவத்தை ஒட்டி அம்மை கண்டால் பச்சிளம் சிசுவுக்கும் ஊசி தேவைப்படும். அம்மைத் தடுப்பூசி கர்ப்பத்தில் கூடாது; பிரசவத்துக்குப் பின் போடலாம்.