கூத்து மன்றத்தின் கணக்குப் புத்தகம்

(மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவர் ஒருவர்)

எங்கள் ஊர் ஒரகடத்துக்குத் தெற்கே, வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரியின் ஒரு கரையில் திரௌபதி அம்மன் கோயில்; மறுகரைக்கு அப்பால் தொழிற்பேட்டையின் சுற்றுச்சுவர். கோயிலில் பாரதம் வைத்தால் கூத்து உண்டு. அருச்சுனன் தபசு மரம் ஏறும் இரவில், இரண்டாம் ஷிப்டு முடித்து வரும் கம்பெனிப் பேருந்து கோயில் வாசலிலேயே ஆட்களை இறக்கிவிடும். சீருடை மாற்றாமல் அப்படியே தரையில் அமர்ந்து விடிய விடியக் கூத்துப் பார்ப்பவர்களை நான் சிறுவயது முதல் கண்டிருக்கிறேன். அவர்களுள் என் தந்தையும் ஒருவர்.

இக்கூத்தை நடத்துவது எங்கள் ஊர்க் கலை மன்றம். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றது. சென்ற ஆண்டு ஒரு தொழிற்சாலையிலிருந்து அலுவலர் ஒருவர் வந்தார். அவர்கள் கூத்துக்கு உதவ எண்ணுவதாகவும், அதற்கு மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கும் பொதுக்குழுத் தீர்மானங்களின் படியும் வேண்டுமென்றும் கூறிச் சென்றார். மறுநாளே மன்றப் பொருளாளர் என்னை அழைத்தார். அவர் எனக்கு மாமா முறை. பதினான்கு ஆண்டுகளாக மன்றத்தின் பெட்டிச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. “தம்பி, நீ பி.காம். தானே படிக்கிறாய்? இதைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் கொடு” என்று ஒரு மஞ்சள் பையை நீட்டினார். அந்தப் பையைப் பிரித்ததில் நான் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், தொழிற்சாலை ஏன் கணக்குக் கேட்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. எவ்வெவற்றுக்குச் செலவிடலாம் என்னும் ஏழாம் அட்டவணையில் மரபுக் கலைகளின் வளர்ச்சியும் இடம்பெற்றுள்ளது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம், வல்லம் வடகால் வரை தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதியில் இதனைச் ‘சி.எஸ்.ஆர். பணம்’ என்றால் டீக்கடையில்கூடத் தெரியும். பலர் இதனைத் தருமம் என்று எண்ணுகின்றனர். அது சட்டக் கடமை; ஆகையால் பெறுபவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். 2021 ஏப்ரல் முதல், இப்பணத்தைப் பெற்றுச் செலவிடும் அமைப்புகள் மைய அரசிடம் தனியே பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.

இனி மஞ்சள் பைக்கு வருவோம். அதனுள் ஒரு ரொக்கப் புத்தகம், கம்பியில் கோத்த ரசீதுகள், தீர்மானப் புத்தகம், தணிக்கையாளர் கையொப்பமிட்ட பெறுதல்–செலுத்தல் கணக்குகள் ஆகியன இருந்தன. கடைசி ஆண்டின் கணக்கைப் பார்த்தேன். (எண்களை எளிமைக்காக முழு எண்களாக்கித் தருகிறேன்.) தொடக்க இருப்பு 12,000 ரூபாய். பெற்றது 2,40,000. செலுத்தியது 2,31,000. இறுதி இருப்பு 21,000. கூட்டிப் பார்த்தேன், ஒரு காசு பிசகவில்லை. வகுப்பில் இப்படி ஐந்தொகை பொருந்திவிட்டால் நாம் பேனாவை மூடிவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விடுவோம்.

ஆனால் பெறுதல்–செலுத்தல் கணக்கு என்பது கையில் வந்த பணத்தையும் கையை விட்டுப் போன பணத்தையும் மட்டுமே சொல்லும். வரவேண்டியதையும் தரவேண்டியதையும் அது அறியாது. ரசீதுக் கட்டை வேடக்காரர்களின் பெயர்ப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தபோது, கூத்துக் குழுவுக்குப் பேசிய தொகையில் 45,000 ரூபாய் தரப்படாமல் நின்றிருப்பது தெரிந்தது. ‘அறுவடைக்குப் பின் தருவதாக’ ஒரு துண்டுச் சீட்டு. அதைச் சேர்த்தால் மன்றத்துக்கு 21,000 ரூபாய் மிச்சம் இல்லை. 24,000 ரூபாய் குறை. முகவீணை ஊதியவரும் மத்தளம் அடித்தவரும் தம் கூலியை மன்றத்துக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். அக்கடன் எந்தக் கணக்கிலும் இல்லை.

இதனினும் பெரியது ஒன்று இருந்தது. அவ்வாண்டு பெற்ற பணத்தில் 1,00,000 ரூபாய், வெளியூரில் குடியேறிவிட்ட எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் முதலிய கட்டைச் சாமான்கள் புதிதாகச் செய்வதற்கென்றே அனுப்பியது. அவர் கடிதம் பையிலேயே இருந்தது. கட்டைச் சாமான் எதுவும் செய்யப்படவில்லை. பணம் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் அன்னதானத்துக்கும் போயிருந்தது. திருடப்படவில்லை, ஊருக்காகத்தான் செலவாயிற்று. எனினும் குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தரப்பட்ட நிதியைப் பொதுச் செலவில் கரைத்துவிட்டால், அது மன்றத்தின் தலைமேல் நிற்கும் பொறுப்பே ஆகும். அதனையும் சேர்த்தால் குறை 1,24,000. ஒரே ஆண்டு, ஒரே புத்தகம். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு 21,000 மிச்சம், உள்ளே பார்ப்பவருக்கு 1,24,000 குறை. நண்பர்களே, லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு வருவாய்–செலவினக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் ஏன் வேண்டுமென்று தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோமே, அதன் பொருள் எனக்கு அன்றிரவுதான் விளங்கிற்று.

பந்தல் போட்டவர் பொருளாளரின் மைத்துனர். விசாரித்தேன், வெளியாளைவிடக் குறைந்த வாடகைதான் வாங்கியிருக்கிறார். ஆனால் அதைச் சொல்லும் ஒரு வரிகூடத் தீர்மானத்தில் இல்லை. உறவினருக்கு வேலை தருவது குற்றமன்று. அவ்வுறவை வெளிப்படையாகச் சொல்லி, முடிவெடுக்கும்போது தாம் எழுந்து வெளியே நின்றிருந்தால் மாமாவின் பெயரே காப்பாற்றப்பட்டிருக்கும்.

பெறுதலில் ‘பெயர் வெளியிட விரும்பாத அன்பர், 18,000’ என்று ஒரு வரி. யாரெனக் கேட்டேன். மாமா பதில் சொல்லவில்லை, உள்ளேயிருந்து மாமிதான், “என் சீட்டுப் பணம் தம்பி அது. ஒலிபெருக்கிக்காரன் வாசலில் நின்றான்” என்றார். நேர்மையானவர்தாம் என் மாமா. அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

பிறகு தீர்மானப் புத்தகத்தைத் திறந்தேன். கணக்கைக் காட்டிலும் நிர்வாகத்தைக் காட்டுவது அதுவே என்று எங்கள் பேராசிரியர் அடிக்கடி கூறுவார். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், அதன்முன் தணிக்கை செய்த கணக்கை வைக்க வேண்டும், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது என்பன சட்டத்தின் விதிகள். புத்தகத்தில் எல்லாம் முறையாக இருந்தன: ‘கணக்கு ஏகமனதாக ஏற்கப்பட்டது’, ‘பழைய நிர்வாகிகளே மீண்டும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்’. கீழே வரிசையாகக் கையெழுத்துகள். ஏழாவதாக என் தந்தையின் கையெழுத்து. என் தந்தை தம் பெயரின் முதல் எழுத்தை வால் நீட்டிப் பெரிதாகப் போடுவார். என் மதிப்பெண் அட்டைகளில் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்த கையெழுத்து. இது அது அன்று. மேலும் கூட்டம் நடந்ததாகக் குறித்த மாலையில் அவர் இரண்டாம் ஷிப்டில் இருந்தார். அப்படியொரு கூட்டமே நடக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது.

‘ஏகமனது’ என்ற சொல்லைக் கண்டால் எனக்கு இப்போது சற்று அச்சமாகவே இருக்கிறது.

உறுப்பினர்கள் கேட்கத் தொடங்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் எளிதன்று என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1952இல் தோன்றிய தென்னிந்திய நடிகர் சங்கமும் இதே சங்கங்கள் சட்டத்துக்கு உட்பட்டதே. தியாகராய நகர் அபிபுல்லா சாலையில் உள்ள சங்க நிலத்தில் கட்டடம் எழுப்ப ஒரு தனியார் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம், 2015 அக்டோபர்த் தேர்தலில் பெரும் வாதப்பொருளாயிற்று, நிர்வாகம் மாறியது. அடுத்த தேர்தல் 2019 ஜூன் 23இல் நடந்தது. வழக்குகளால் வாக்குகள் எண்ணப்படாமல் பூட்டி வைக்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் அரசு தனி அலுவலரை அமர்த்தியது. 2020 ஜனவரியில் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தேர்தலையே செல்லாது என்றார். 2022 பிப்ரவரியில் இருவர் அமர்வு செல்லும் என்றது. மார்ச் 20இல்தான் வாக்குகள் எண்ணப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் கட்டடம் அரைகுறையாக நின்றது. செய்தித்தாள்கள் நட்சத்திரச் சண்டையாக எழுதின. நாடகத்தில் நடித்து முதுமை அடைந்த எளிய உறுப்பினர்களுக்கோ அது தங்கள் சொத்து பற்றிய வழக்கு. ஒருவகையில் எங்கள் ஊரைவிட அவர்கள் மேல். அங்கே வழக்குப் போடுமளவுக்கேனும் உறுப்பினர்கள் விழித்திருந்தார்கள்.

இன்னொரு வழி, அரசே கண்காணிப்பது. 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திராவுக்கு, அவர் 1986இல் மறைந்த பின்னர், 1993இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றிற்று. ஆட்சிக் குழு, கல்விக் குழு, நிதிக் குழு எனத் தனித்தனியே வகுத்து, இந்தியத் தலைமைக் கணக்காயரின் தணிக்கைக்கும் உட்படுத்தியது. அத்தகைய காவல் நாட்டில் எத்தனை கலை அமைப்புகளுக்குக் கிடைக்கும்? கூத்து மன்றங்களுக்கு எந்த நாடாளுமன்றமும் சட்டம் இயற்றப் போவதில்லை. எங்களுக்கு இருப்பது பொதுக்குழு ஒன்றே.

இதை எண்ணிக்கொண்டிருந்தபோது, பள்ளியில் படித்த உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. எங்கள் மாவட்டந்தான். விடுமுறையில் ஒருமுறை போய் அக்கல்வெட்டுச் சுவரின் முன் நின்றேன். முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளின் சாசனங்கள். குடவோலை முறையை எல்லோரும் புகழ்கிறோம். ஆனால் அதில் தகுதியிழப்பு பற்றிய பகுதியை யாரும் மேடையில் பேசக் கேட்டதில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது. அவர் மட்டுமன்று; அவருடைய தாய்மாமன், உடன்பிறந்தான், மாமனார், சகோதரியின் கணவன், மருமகன், தந்தை, மகன் என்று உறவினர் பட்டியலே நீள்கிறது. மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. அது நிலமுடைய அந்தணர்களின் சபை. பெண்களுக்கோ உழுதவர்க்கோ அங்கே ஓலை இல்லை என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் பணம் எடுத்தானா என்று அவ்விதி கேட்கவில்லை. கணக்குக் காட்டினானா என்று மட்டுமே கேட்கிறது. என் மாமா அக்குடத்தில் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்திருப்பார். முறைப்படி பார்த்தால் நானுங்கூட இழந்திருக்கலாம்!

மாமாவிடம் நேரே சொன்னேன்: “மாமா, இந்தக் கணக்கை நான் இப்படியே அனுப்ப மாட்டேன். பொதுக்குழுவைக் கூட்டுங்கள்.” அவர் வெகுநேரம் பேசவில்லை. “நான் தின்றேன் என்கிறாயா?” என்றார். இல்லை என்றேன். “பின்னே என்ன?” என்றார். அந்தப் ‘பின்னே என்ன’வுக்கு அப்போது எனக்குத் தெளிவாக விடை சொல்லத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. கணக்கை நான் படித்தேன். 1,24,000 என்ற எண்ணைச் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமா சாவிக்கொத்தைப் பாயின்மீது வைத்துவிட்டு எழுந்து போனார். என் தந்தை மட்டும், “அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பேன். கேட்டிருக்கலாம்” என்றார்.

தொழிற்சாலைக்கு விண்ணப்பம் போகவில்லை. அவ்வாண்டுப் பாரதத்தில் பதினெட்டு இரவுக்குப் பதில் பத்து இரவே கூத்து நடந்தது. ‘படித்த பிள்ளை ஊர்க் கூத்தைக் கெடுத்தான்’ என்று என் காதுபடவே பேசினார்கள். முதலில் வேடக்காரர்களின் பாக்கியை வீட்டுக்கு வீடு வசூலித்துத் தீர்த்தோம். கட்டைச் சாமானுக்குப் பணம் அனுப்பியவருக்கு நடந்ததை எழுதினோம். அவர் இன்னும் ஓராண்டு தவணை தந்திருக்கிறார். தேர்தலில், தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்கள் தெரு அக்கா ஒருவர் பொருளாளரானார். மாமா எங்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டே போனார்.

இவ்வாண்டு கொடியேற்றத்துக்கு முந்திய நாள், வரவு செலவைப் பெரிய தாளில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினோம். நின்று படித்தவர்களுள் முகவீணைக்காரரின் மனைவியும் ஒருவர். விரலை ஒரு வரியில் வைத்து, “இதரச் செலவு 4,300 என்று போட்டிருக்கிறதே, அது எது?” என்றார். அக்கா ரசீதுக் கட்டைப் புரட்டினார், கிடைக்கவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“காஞ்சிபுரத்தில் அரிதாரமும் மயில் தோகையும் வாங்கினது. கடை தெரியாதென்று என்னைத்தான் அனுப்பினார்கள். ரசீது வீட்டில் இருக்கிறது. தம்பி, வந்து வாங்கிக்கொண்டு போ” என்றார் மாமா.