புற்றுநோய்: யார், எதற்குப் பதில் சொல்வது?

ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து கேள்விகள் பெருகுகின்றன. மருத்துவரைச் சந்திக்கும் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் கேட்டுவிட முடிவதில்லை. பல ஐயங்கள் வீடு திரும்பிய பிறகே நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்குப் பதில் சொல்ல முன்வரும் தன்னார்வலர்களின் பணி மதிப்புமிக்கது.

1952இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்துகொண்ட தெரஸ் லாசர், தம்மைப் போன்ற பெண்களைச் சந்தித்துப் பேசத் தொடங்கினார். கைப்பயிற்சி, ஆடை அணிதல் போன்றவற்றில் தாம் அறிந்ததைப் பகிர்ந்துகொண்டார். 'ரீச் டு ரிகவரி' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவிய இத்திட்டத்தில், நோயிலிருந்து மீண்டவர்களே தன்னார்வலர்கள். மருத்துவ ஆலோசனை கூறுவது அவர்கள் பணியன்று.

இந்த எல்லை ஆசிரியர்களாகிய நமக்கும் பொருந்தும். ஐயம் என்றால் பெற்றோர் பலர் நம்மிடமே வருகிறார்கள். கேள்விகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. பொது அறிவியல்: "நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளுமா?" ஒட்டாது என்று உறுதியாகச் சொல்லலாம்.

2. அனுபவம்: "முடி கொட்டியபோது எப்படிச் சமாளித்தீர்கள்?" மீண்டவர்கள் சொல்லலாம். 'எனக்கு இப்படி இருந்தது' என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

3. சிகிச்சை: "கீமோ கொடுத்த பிறகு காய்ச்சல். பாரசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை பார்க்கலாமா?" கீமோ சிகிச்சையில் இரத்த வெள்ளையணுக்கள் குறைவதால் அந்தக் காய்ச்சல் உயிருக்கு ஆபத்தான தொற்றாக இருக்கலாம். மாத்திரை அதை மறைத்துவிடும். நாம் சொல்ல வேண்டியது ஒன்றே: "இரவானாலும் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்."

சில கேள்விகள் முதல் வகைபோலத் தோன்றி மூன்றாம் வகையில் சேரும். "கதிர்வீச்சு சிகிச்சை பெறும் அம்மா குழந்தையைத் தூக்கலாமா?" வெளியிலிருந்து கருவி மூலம் கதிர்வீச்சு தரப்பட்டால் உடலில் கதிரியக்கம் தங்குவதில்லை, தூக்கலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் தரப்பட்டால் மருத்துவர் சொல்லும் நாள்வரை விலகியிருக்க வேண்டும். எந்தச் சிகிச்சை என்று தெரியாமல் பதில் சொல்லக்கூடாது.

வகுப்பறைச் செயல்பாடு (9, 10ஆம் வகுப்பு): இத்தகைய பத்துக் கேள்விகளைச் சீட்டுகளில் எழுதிக் குழுக்களிடம் கொடுக்கலாம். 'அறிவியல்', 'அனுபவம்', 'மருத்துவர்' என்ற மூன்று பெட்டிகளில் ஒன்றில் காரணம் சொல்லிப் போடச் செய்யலாம். எந்தப் பெட்டி என்பதில் குழுக்கள் மாறுபடும் இடமே பாடம். குடும்பத்தில் நோயாளி உள்ள மாணவர் யாரேனும் உண்டா என்பதை முன்னதாகத் தனியே அறிந்துகொள்வது அவசியம். அவர் விரும்பாவிட்டால் பங்கேற்க வற்புறுத்த வேண்டாம்.

பாடம் முடிந்ததும் ஒரு குழந்தை நம்மிடம் தனியாக வந்து, "எங்கம்மா பிழைச்சுடுவாங்களா டீச்சர்?" என்று கேட்கலாம். இது எந்தப் பெட்டியிலும் அடங்காது. "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிடத் தோன்றும். அது நாம் தரமுடியாத வாக்குறுதி. பொய்த்துப்போனால் குழந்தை நம்மிடம் மீண்டும் எதையும் கேட்காது. "எனக்குத் தெரியலைம்மா. டாக்டருங்க வைத்தியம் பார்த்துட்டு இருக்காங்க. உனக்கு எப்பப் பேசணும்னாலும் என்கிட்ட வா" என்று சொல்லலாம். அக்குழந்தை காலையில் சாப்பிட்டதா, மாலையில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். வீட்டுப்பாடத்துக்குச் சில நாள் கூடுதலாகக் கொடுப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.