நோய் வருமுன் பெயர் வைக்கலாமா?



சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு எல்லாரும் உல்லாசத்துக்காக வருவதில்லை. அருவியில் தலை நனைந்தால் சித்தம் தெளியும் என்று நம்பி, மனநோயுற்ற பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரும் உண்டு. அவர்கள் அன்பை நாம் குறை சொல்லோம். ஆனால் இப்படி அலைவதில் வருடங்கள் கழிந்து, நோய் முற்றிவிடுகிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடித் தீவிபத்தில், சங்கிலியில் கட்டப்பட்டுத் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டதை மறக்கலாகாது.

ஆகவே மனச்சிதைவு நோயைச் சீக்கிரம் கண்டறிய வேண்டும். ஆனால் எவ்வளவு சீக்கிரம்?

தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். சரியாகத் தூங்குவதில்லை. நண்பர்களை விட்டு விலகுகிறான். "எல்லாரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள்" என்கிறான். அது மெய்தானா என்று அவனுக்கே சந்தேகமும் உண்டு. இது நோயின் தொடக்கமா, பரீட்சைப் பயமா?

இத்தகைய இளைஞரைக் கவனிக்க, 1990-களில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டாக்டர் பாட்ரிக் மெக்கோரி குழுவினர் தனி கிளினிக் தொடங்கினார்கள். பின்வந்த ஆய்வுகளின்படி, இந்த அறிகுறிகளோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்நோய் வருவதில்லை. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, இந்நிலையைத் தனி நோயாக ஏற்காமல், மேலும் ஆராய வேண்டியவற்றோடு வைத்தது.

நம் ஊரில் "பைத்தியம்" என்ற ஒரு சொல் அவன் படிப்பையும் வேலையையும் மட்டுமல்ல, தங்கையின் கல்யாணத்தையும் கெடுக்கும். ஆதலால் நாம் கற்க வேண்டியவை மூன்று:

1. நோய் வெளிப்பட்டவருக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

2. சந்தேகம் மட்டும் இருந்தால், நோயின் பெயரைச் சூட்டவோ மாத்திரைக்கு அவசரப்படவோ கூடாது. தூக்கம், துக்கம், கஞ்சாப் பழக்கம் ஆகியவற்றை விசாரித்து, தொடர்ந்து பார்த்துவர வேண்டும். "வரலாம், வராமலும் போகலாம்" என்ற உண்மையைப் பையனிடமும் பெற்றோரிடமும் சொல்ல வேண்டும்.

3. இரகசியம் காக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை நோயாளியின் உரிமையாக்கியுள்ளது; சங்கிலியிடுவதையும் தடை செய்துள்ளது.

இரகசியம் நம்மாலும் வெளியாகலாம். ஜெபக்கூட்டத்தில் நல்லெண்ணத்தோடே, "இன்னார் மகனுக்கு மனசு சரியில்லை, ஜெபியுங்கள்" என்கிறோம். மறுநாள் தெரு முழுவதும் அறியும். அந்தக் குடும்பம் அதன்பின் மருத்துவரிடமும் வர அஞ்சும்.

பிரியமானவர்களே, வீட்டார் சம்மதமின்றிப் பெயரைச் சபையில் சொல்லாதிருங்கள். தனியே சென்று பேசுங்கள். மருத்துவரிடம் உடன் போங்கள். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவச ஆலோசனை கிடைக்கும். நாம் பெயரைச் சொல்லாவிட்டாலும், தேவன் அந்தப் பிள்ளையை அறிந்திருக்கிறார்.