மதுநோயும் மருந்தும்

இல்லறத்தார்க்குரிய மூலகுணங்களுள் கள்ளுண்ணாமையும் ஒன்றென்பதை நாம் அறிவோம். ஆயினும் நம் இல்லங்களிலும் ஒருவர் மதுவுக்கு அடிமையாதல் உண்டு. அப்போது, "விரதம் ஏற்றால் விட்டுவிடலாம்" எனக் கூறிச் செய்தியை மறைத்துவிடுகிறோம், மருத்துவரை நாடுவதில்லை.

1954ஆம் ஆண்டு ஓல்ட்ஸ், மில்னர் என்னும் அறிஞர்கள் கனடாவில் எலிகளின் மூளையில் நுண்ணிய மின்தூண்டல் அளித்து ஆய்ந்தனர். நெம்புகோலை அழுத்தினால் அத்தூண்டல் கிட்டுமென அறிந்த எலிகள் அதனை ஓயாது அழுத்தின. இன்பத்தை மீண்டும் மீண்டும் நாடச் செய்யும் நரம்புப்பாதை மூளையில் உண்டென்பது இதனால் புலனாயிற்று. மது அப்பாதையில் டோபமின் என்னும் பொருளை மிகுவிக்கிறது. நாளடைவில் மூளை அதற்கேற்பத் தானே மாறிவிடுகிறது. பிறகு குடிப்பது இன்பத்திற்காக அன்று. நடுக்கமும் பதற்றமும் தணியவே. தன்னைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியும் தளர்ந்துவிடுவதால், மனவுறுதி இல்லையென்று அவரைப் பழிப்பது கால் முறிந்தவனை ஓடவில்லையென்று கடிவதை ஒக்கும்.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே இடராகலாம். முதல் இரு நாட்களில் வலிப்பும், அதனையடுத்து மனக்குழப்பமும் பொய்த்தோற்றங்களும் நேரக்கூடும். (சத்தியம் வாங்கிக்கொண்டு அறையில் பூட்டி வைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.) ஆதலின் தொடக்க நாட்களில் மருத்துவர் மேற்பார்வையில் குளோர்டையசிப்பாக்சைடு போன்ற மருந்தும் தயமின் உயிர்ச்சத்தும் அளிக்கப்படுகின்றன.

அதன்பின் மீண்டும் குடியாதிருக்க உதவுவன வேறு மருந்துகள். நால்ட்ரெக்சோன் மது தரும் இன்பத்தை மட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவில் 1994இல் இதற்கென ஏற்பளிக்கப்பட்டது. "ஒரு போதைக்கு மற்றொரு போதையா?" எனச் சிலர் வினவுவர். இது போதை தருவதன்று. ஈரல் நலத்தைச் சோதித்தே மருத்துவர் இதனை அளிப்பர். அகாம்ப்ரோசேட் என்பதும் உண்டு.

டைசல்ஃபிரம் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். 1948இல் டென்மார்க் அறிஞர்கள் வெளிப்படுத்திய இம்மருந்தை உண்டவர் குடித்தால் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருள் உடலில் தேங்கும். முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் உண்டாகும். இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர்ப்போக்கும் நேரலாம். குடிப்பவர் அறியாமல் சாம்பாரிலோ மோரிலோ இதனைக் கலந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. அன்பினால் செய்வதே எனினும் இது கொலைக்கு நெருங்கிய செயல், பொய்யாமைக்கும் மாறானது. அவர் அறிந்து, இசைந்து உண்ண வேண்டிய மருந்து இது. நிறுத்திய பின்னும் ஏறத்தாழ இரு வாரம் இதன் ஆற்றல் நீடிக்கும். இருமல் மருந்துகள் சிலவற்றிலும் மது கலந்திருப்பதால், அவற்றை வாங்குமுன் மருத்துவரிடம் காட்டுக.