படிக்காமல் வைக்கும் கைநாட்டு



என் தந்தை பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். ஆயினும் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்குமுன், "என்னங்க எழுதியிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்பார். கேட்ட பின்பே பெருவிரலை மையில் ஒற்றுவார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நானோ, தா.பழூரில் ஒரு கணினி மையத்தில் உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பியபோது, திரையில் தோன்றிய ஆங்கில நிபந்தனைகளைப் படிக்காமலே 'சம்மதம்' என்ற கட்டத்தை அழுத்தினேன். இதுவும் கைநாட்டுதானே!

இணையதளங்கள் நமக்கு நிபந்தனை விதிக்கின்றன. நம் விவரங்களை எப்படிக் கையாள வேண்டும் என்று நாம் அவற்றுக்கு நிபந்தனை விதிக்க இயலுமா? அதற்கான முயற்சிகளைச் சுருக்கமாகக் காண்போம்.

2002-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 'பி3பி' என்னும் முறையை வெளியிட்டது. தளத்தின் கொள்கையை நம் உலாவியே படித்து, நம் விருப்பத்தோடு ஒப்பிடும். பெரும்பாலான தளங்கள் இதை ஏற்கவில்லை. அடுத்து வந்தது 'பின்தொடராதே' என்னும் குறிப்பு. ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் உலாவி இதை உடன் அனுப்பும். மதிக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லாததால் பலரும் பொருட்படுத்தவில்லை. அதை வகுத்த பணிக்குழு 2019-இல் முடிவுக்கு வந்தது.

2020-இல் 'உலகளாவிய தனியுரிமைக் கட்டுப்பாடு' பிறந்தது. இதுவும் சிறு குறிப்பே. ஆனால் கலிபோர்னியாவில் சட்டம் துணை நின்றது. இக்குறிப்பை மதிக்காதது முதலிய குற்றச்சாட்டுகளுக்காக, 'செபோரா' என்னும் அழகுப்பொருள் நிறுவனம் 2022-இல் 12 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. ஆக, நம் சொல்லுக்கு வலிமை தருவது சட்டமே என்பது தெளிவு.

நம் நாட்டின் நிலை என்ன? ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் 24-8-2017 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இச்சட்டப்படி, சம்மதம் கேட்கும் வாசகம் எளிய நடையில் இருக்க வேண்டும். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் அதைப் படிக்க வாய்ப்புத் தர வேண்டும். அவற்றுள் நம் தமிழும் ஒன்று! கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவுக்கு எளிதாகவே திரும்பப் பெறவும் வழி வேண்டும்.

நண்பர்களே, சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, கேட்பவர் வேண்டும். அடுத்த விண்ணப்பத்தின்போது தந்தையை அருகில் அமர்த்தித் தமிழில் படித்துக் காட்டுவேன். அவர் கேட்ட கேள்வியை இனி நாமும் கேட்போம்; பிறகு அழுத்துவோம்.